‘சார்ஜ்’ என்னும் ஒரு சொல்லும் நீதிமன்றச் செய்திகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நகைக்கடன் முறைகேடு வழக்கைப் பற்றி ‘ஆறு பேர் மீதான குற்றம் உறுதி’ என்ற தலைப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. தலைப்பைக் கண்டவுடன் தீர்ப்பு வந்துவிட்டது என்றே எண்ணினேன். செய்தியை முழுவதும் படித்த பிறகுதான் அன்று நடந்தது தீர்ப்பன்று என்பது விளங்கியது. நீதிபதி அந்த ஆறு பேர் மீதும் குற்றச்சாட்டுகளை வனைந்து (அதாவது எழுத்தில் வகுத்து), அவற்றை அவர்களுக்குப் படித்துக் காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார், அவர்கள் மறுத்திருக்கிறார்கள், அரசுத் தரப்புச் சாட்சிகளை விசாரிப்பதற்கு அடுத்த மாதம் வாய்தா போடப்பட்டிருக்கிறது. ஒரு சாட்சிகூட இன்னும் கூண்டில் ஏறாத வழக்கில் குற்றம் உறுதியாகிவிட்டதாக ஊருக்கெல்லாம் அறிவித்தாயிற்று.

இதற்குச் செய்தியாளரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. அவரைத் தடுமாற வைத்தது ‘சார்ஜ்’ என்னும் ஆங்கிலச் சொல். மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் 31 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மேல்முறையீட்டுக்காக உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழக்குக் கட்டுகளில் உள்ள தமிழ் வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் ஆங்கிலத்தில் பெயர்ப்பதும், அங்கிருந்து வரும் ஆங்கில உத்தரவுகளைத் தமிழில் விளக்குவதும் என் அன்றாட வேலையாக இருந்தன. அத்தனை ஆண்டுகளில் இச்சொல் கொடுத்த தொல்லையை வேறெந்தச் சொல்லும் எனக்குக் கொடுக்கவில்லை. ஆகவேதான் ஒரு தலைப்பைப் பற்றிச் சற்று நீண்ட கடிதமாக எழுதத் துணிந்தேன்.

பேச்சில் இச்சொல்லால் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. கைப்பேசியில் சார்ஜ் இறங்கிவிட்டது என்கிறோம். பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்கிறோம். புதிய வட்டாட்சியர் சார்ஜ் எடுத்துக்கொண்டார், பழையவருக்குச் சார்ஜ் மெமோ வந்திருக்கிறது, மறியலில் லத்தி சார்ஜ் நடந்தது, அம்மாவை நாளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள் என்று ஒரே நாளில் ஒரே வாயால் சொல்கிறோம். கேட்பவர் எவரும் பேருந்தில் ஏறியது கட்டணமா மின்சாரமா என்று குழம்புவதில்லை. இடமும் சூழலும் பொருளைக் காட்டிவிடுகின்றன. சிக்கல் அச்சில்தான் தொடங்குகிறது. ஆங்கில உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ச் செய்தி எழுதுபவர், அந்தச் சொல் அந்த இடத்தில் யாருடைய எந்தச் செயலைக் குறிக்கிறது என்பதை முடிவு செய்துகொண்ட பிறகே ஒரு தமிழ்ச் சொல்லை எடுக்க முடியும்.

இத்தனை பொருள்கள் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன என்று பார்த்தால் அது ஒரு வண்டியில் போய் முடிகிறது. இலத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பிற்கால இலத்தீன் வினை பழைய பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து, நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்ற பிறகு அவர்களுடைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ‘கார்’, ‘கேரி’ என்னும் சொற்களும், கப்பல் சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’வும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருவரது மூக்கையோ தாடையையோ மிகையாக ஏற்றி வரையும் கேலிச்சித்திரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேரிகேச்சர்’ என்னும் பெயரும், சுமையேற்றுதல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழி வந்த உறவே. எனவே ‘சார்ஜ்’ என்பதன் அடிப்படைப் பொருள் சுமை. பணச்சுமை கட்டணமாயிற்று, கடமைச்சுமை பொறுப்பாயிற்று, பழிச்சுமை குற்றச்சாட்டாயிற்று, துப்பாக்கியில் ஏற்றும் மருந்தின் அளவு பிற்பாடு மின்சாரத்துக்கு ஆயிற்று. ஆயுதத்தை ஆயத்தமாக ஏந்தி எதிரியின் மேல் பாய்வதையும் இதே சொல் குறிக்கலாயிற்று. கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் பிரிட்டிஷ் குதிரைப் படை பாய்ந்ததற்கும், நம் ஊர்க் காவலர்கள் தடியுடன் பாய்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்.

தமிழும் சுமையிலிருந்தே இவற்றில் சிலவற்றைக் கண்டது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ‘குற்றம் சுமத்தினார்’ என்கிறோம். ‘வரிச்சுமை’ என்கிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லின் வேரான ‘பொறு’ என்பதற்கும் சுமத்தல், தாங்குதல் என்பதே பழம்பொருள். பல்லக்கைத் தூக்கிச் செல்பவனைத் திருக்குறள் ‘சிவிகை பொறுத்தான்’ என்றுதான் சொல்கிறது. எவரிடமும் இரவல் வாங்காமல் நம் முன்னோர் தாமாகவே கண்ட உருவகம் இது. ஆனால் ஆங்கிலம் எல்லாச் சுமைகளையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்க, தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது: கட்டணம் வேறு, பொறுப்பு வேறு, குற்றச்சாட்டு வேறு, தடியடி வேறு. இந்த வசதியைப் பயன்படுத்தாமல், ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் அதன் நிழலையே தேடிப் போகும்போதுதான் தவறு நேர்கிறது.

‘தடியடி’ என்ற சொல்லை இங்கே தனியே பாராட்ட விரும்புகிறேன். யார் முதலில் அதை எழுதினார்களோ, அவர் ‘லத்தி சார்ஜ்’ என்பதில் உள்ள ‘சார்ஜ்’ என்பதற்குத் தமிழ் தேடவில்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். தடியால் அடித்தார்கள், அது தடியடி. அகராதியில் பொருள் பார்த்துப் ‘பிரம்புப் பாய்ச்சல்’ என்றோ வேறு விதமாகவோ பெயர்த்திருந்தால் அச்சொல் ஒரு வாரம்கூட நிலைத்திருக்காது.

மின்சாரத்தில் நேர்ந்ததும் கவனிக்கத் தக்கது. கண்ணாடிச் சாடியில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் லெய்டன் சாடி 1745-46-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதை நிரப்புவதற்கு, துப்பாக்கியில் மருந்தேற்றுவதைக் குறித்த சொல்லையே அக்கால ஆய்வாளர்கள் எடுத்தாண்டார்கள். வரிசையாக வைத்த சாடிகளுக்குப் பெஞ்சமின் பிராங்க்ளின் இட்ட ‘பேட்டரி’ என்னும் பெயரும் பீரங்கி வரிசையிலிருந்து வந்ததுதான். தமிழில் இதற்கு மூன்று முயற்சிகள் நடந்தன. ‘மின்சுமை’ என்று சில நூல்கள் எழுதின. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ என்பதைக் கைக்கொண்டன. இலங்கைப் பாடநூல்கள் ‘ஏற்றம்’ என்கின்றன. மூலப்பொருளுக்கு மிக அணுக்கமானது ‘மின்சுமை’தான் என்றாலும் அதுவே மிகவும் இடறியது, ஏனெனில் மின்வாரியத்தில் ‘லோடு’ என்பதற்கும் சுமை, பளு என்ற சொற்களே வேண்டியிருந்தன. ஆங்கிலச் சொல்லின் வேரைக் கண்டுபிடித்து அதைத் தமிழில் நடுவதால் பயன் விளைந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கைப்பேசிக்கு இலங்கை வழக்கைப் பின்பற்றி ‘மின்னேற்றம்’ என்று நாமும் எழுதலாம் என்பது என் விருப்பம். ஆனால் சார்ஜ் என்று எழுதினாலும் அதனால் எவருடைய மானமும் போய்விடாது. நீதிமன்றச் செய்தியில் போய்விடும். ஆகவே அதற்கு வருகிறேன்.

ஒரு குற்ற வழக்கின் போக்கில் ‘சார்ஜ்’ என்பது மூன்று வெவ்வேறு தரப்பினரின் மூன்று செயல்களைக் குறிக்கிறது. முதலாவது, எவரும் எவர் மீதும் சொல்லக்கூடியது. மேடையில் ஒரு தலைவர் மற்றொருவர் ஊழல் செய்ததாகப் பேசினால் அது ‘சார்ஜ்’. நாம் இதைக் குற்றச்சாட்டு என்கிறோம், அதில் தவறில்லை. இரண்டாவது, புலனாய்வை முடித்த காவல் அதிகாரி நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ‘சார்ஜ் ஷீட்’. நாம் குற்றப்பத்திரிகை என்று எழுதுகிறோம். இங்கே வாசகர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சட்டம் இதைக் காவல் அதிகாரியின் அறிக்கை என்ற அளவிலேயே பேசுகிறது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 173-ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 193-ஆம் பிரிவாகவும் இருப்பது அதுதான். நீதிமன்றக் கட்டுகளில் ‘இறுதி அறிக்கை’ என்று எழுதுவோம். அது காவல் துறையின் கருத்து, நீதிமன்றத்தின் முடிவன்று. மேலும், காவலில் உள்ளவர் மீது குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் அந்த அறிக்கை தாக்கலாகாவிட்டால் அவர் பிணையில் வெளிவரும் உரிமையைப் பெறுகிறார் என்பதால், கெடு முடிவதற்குச் சில நாள்கள் முன்பாக அவசர அவசரமாகத் தாக்கலாகும் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘குற்றப்பத்திரிகை தாக்கல்’ என்னும் கொட்டை எழுத்தைக் காணும் வாசகருக்கு இந்தக் கெடுவைப் பற்றி எதுவும் தெரியாது.

மூன்றாவது, நீதிபதி செய்வது. காவல் துறையின் அறிக்கையையும் அதனுடன் உள்ள வாக்குமூலங்களையும் படித்து, இரு தரப்பையும் கேட்டு, இவர் இக்குற்றத்தைச் செய்திருக்கலாம் என்று கருதுவதற்கு முதல் நோக்கில் இடமிருக்கிறது என்று தோன்றினால், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்கு எதிராக, இன்ன பிரிவின்கீழ் தண்டிக்கத்தக்க இச்செயலைச் செய்தீர் என்று அவர் எழுத்தில் வகுக்க வேண்டும். அமர்வு நீதிமன்றத்தில் இதற்குரிய பிரிவு முன்பு 228, இப்போது 251. குற்றச்சாட்டு மீதான முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் கெடுவும் வைத்திருக்கிறது. இதன் நோக்கம் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, குற்றவாளி என்று அறிவிப்பதன்று. எதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவருக்குத் தெரியப்படுத்துவதே நோக்கம். அவருக்குப் பாதுகாப்பாக ஏற்பட்ட ஒரு சடங்கை, அவருக்கு எதிரான தீர்ப்பாக நாம் அச்சிடுகிறோம்.

நீதிமன்றத் தமிழில் இச்செயலுக்குக் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்று பெயர். நான் பணியில் சேர்ந்தபோது மூத்தவர்கள் இச்சொல்லைக் கற்றுக் கொடுத்தார்கள். அன்று எனக்கு அது பழஞ்சொல்லாகத் தோன்றியது. ஆண்டுகள் போகப் போகத்தான் அதன் அருமை புரிந்தது. குயவர் சக்கரத்தில் மண்ணை வைத்துப் பானை செய்வதல்லவா வனைதல்! காவல் துறை கொண்டுவந்து கொட்டும் மண்ணை நீதிபதி பிசைந்து ஒரு வடிவத்துக்குக் கொண்டுவருகிறார். அது இன்னும் பச்சைப் பானை. தீர்ப்புச் சொல்வதற்கு முன் எந்தக் கட்டத்திலும் அதைத் திருத்தவும் கூட்டவும் சட்டம் இடமளிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு மரச்சட்டம் அடித்தலைக் குறிக்கும் ‘ஃபிரேம்’ என்னும் தச்சுவேலைச் சொல் வழங்க, தமிழில் எழுதியவர் அதைப் பெயர்க்காமல் தம் ஊரில் கண்ட தொழிலிலிருந்து சொல்லை எடுத்தார். ஆனால் நாளிதழ்கள் பெரும்பாலும் இதைக் ‘குற்றச்சாட்டு பதிவு’ என்று எழுதுகின்றன. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதுவதை ‘வழக்குப்பதிவு’ என்று அதே பக்கத்தில் எழுதுகிறோம். வழக்கின் முதல் நாளில் நிலைய எழுத்தர் செய்வதற்கும் பல ஆண்டுகள் கழித்து நீதிபதி செய்வதற்கும் ‘பதிவு’ என்ற ஒரே சொல் வந்தால், வாசகர் எதை எங்கே வைத்து விளங்கிக்கொள்வார்? ‘குற்றம் உறுதி’ என்பதோ குழப்பம் என்ற நிலையைத் தாண்டிப் பொய்யாகவே ஆகிவிடுகிறது.

இக்கட்டங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதற்கு நாடறிந்த ஒரு வழக்கையே காட்டலாம். 2ஜி அலைக்கற்றை வழக்கில் முதல் குற்றப்பத்திரிகை தாக்கலானது 2011 ஏப்ரல் 2 அன்று; நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தது 2011 அக்டோபர் 22 அன்று; விசாரணை நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது 2017 டிசம்பர் 21 அன்று. மேல்முறையீடு ஒருபுறம் இருக்க, இரண்டாவது தேதியில் ‘குற்றம் உறுதி’ என்று எழுதியிருந்தால் மூன்றாவது தேதியில் என்ன எழுதியிருக்க முடியும்?

என் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்வது இவ்விடத்தில் பொருந்தும். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்த ஒருவர், எங்கள் ஐயனார் கோயில் திருவிழாவின் ஊர்வரிக் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதி வந்தார். ஒரு காசு பிசகாத கணக்கு. சங்கத்தில் ஒரு பணக்கையாடல் வழக்கு வந்து, செயலாளரோடு சேர்த்து அவரும் எதிரியாக்கப்பட்டார். குற்றச்சாட்டு வனைந்த நாளில் ஒரு நாளிதழ் ‘குற்றச்சாட்டு நிரூபணம்’ என்று தலைப்பிட்டது. அது தங்கள் நாளிதழ் அன்று. மறுநாள் மாலை ஊர்ப் பெரியவர்கள் இருவர் அவர் வீட்டுக்கு வந்து, கணக்கு நோட்டையும் தகரப் பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் கையில் அந்த நாளிதழ் இருந்தது. நான் சென்று, இது தீர்ப்பன்று, வழக்கு இனிமேல்தான் தொடங்குகிறது என்று எடுத்துச் சொன்னேன். அச்சில் வந்ததற்கு எதிராக என் சொல் எடுபடவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, எல்லாச் சாட்சிகளையும் விசாரித்த பிறகு, அவருக்கும் கையாடலுக்கும் தொடர்பில்லை என்று நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அச்செய்தி உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்தது. அதிலும் ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’ என்று போட்டிருந்தார்கள். ஆதாரம் பற்றாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கணக்கு நோட்டு அவரிடம் திரும்பி வரவே இல்லை.

அந்த ‘விடுவிப்பு’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது இதே ஆங்கிலச் சொல்லின் எதிர்ச்சொல். ‘டிஸ்சார்ஜ்’ என்றால் சுமையிறக்குதல். மருத்துவமனையிலிருந்து நோயாளியை அனுப்புவதும், அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி நீர் வெளியேற்றுவதும், கடனைச் செலுத்தித் தீர்ப்பதும், புண்ணிலிருந்து சீழ் வடிவதும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். குற்ற வழக்கில் அதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு: குற்றச்சாட்டு வனைவதற்கே போதிய முகாந்திரம் இல்லை என்று கருதி, விசாரணைக்கு முன்பே எதிரியை வழக்கிலிருந்து நீக்குவது. இது விடுவிப்பு. முழு விசாரணை நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கண்டு அனுப்புவது விடுதலை. இரண்டும் ஒன்றன்று என்று சட்டமே சொல்கிறது. விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க முடியாது. விடுவிப்பு என்பது விடுதலை ஆகாது என்று புதிய சட்டத்தின் 337-ஆம் பிரிவின் விளக்கத்தில் வெளிப்படையாகவே எழுதியிருப்பதால், விடுவிக்கப்பட்டவர் மீது புதிய சான்று கிடைத்தால் மீண்டும் வழக்கு வரலாம். இந்த இரண்டையும் விட்டால், பிணையில் வெளியே வருபவரையும் நாளிதழ்கள் ‘ஜாமீனில் விடுதலை’ என்று எழுதுகின்றன. ஒருவர் சிறை வாசலைத் தாண்டி வெளியே வருவது மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் இப்படி எழுதுகிறோம் போலும். ‘பிணையில் வெளிவந்தார்’ என்று எழுதிவிட்டால், ‘விடுதலை’ என்ற பெருமதிப்புள்ள சொல்லை அதற்குரியவர்களுக்கு மட்டும் மீதம் வைக்கலாம்.

அரசு ஊழியர்களின் செய்தியிலும் இதே கவனம் வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17 ஏ சிறு தண்டனைக்கானது, 17 பி பெருந்தண்டனைக்கானது. இரண்டிலும் தரப்படும் சார்ஜ் மெமோ, விளக்கம் கேட்டு அனுப்பும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை மட்டுமே. ஆனால் ‘அதிகாரி மீது குற்றப்பத்திரிகை’ என்று எழுதும்போது அவரைக் காவல் துறை குற்ற வழக்கில் சேர்த்துவிட்டதாக ஊர் நினைக்கிறது. அதே அலுவலகத்தில் ‘அடிஷனல் சார்ஜ்’ என்றால் கூடுதல் பொறுப்பு. ‘கூடுதல் குற்றச்சாட்டு’ என்று அதை எவரும் எழுதிவிட மாட்டார்கள் என்று நினைக்கலாம்; பழைய மேல்முறையீட்டுக் கட்டு ஒன்றில், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்ட ஜூரிகளுக்கு நீதிபதி சொன்ன சட்ட விளக்கத்தை, பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் ‘ஜூரிகள் மீதான குற்றச்சாட்டு’ என்று மொழிபெயர்த்ததை நான் திருத்தியிருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் ஜூரி முறை மறைந்துபோனதால் ‘சார்ஜ்’ என்பதன் அப்பொருளை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் ஜூரியின் தீர்ப்பு ஒதுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் 1961-இல் தண்டனையை உறுதிசெய்ததற்கு, நீதிபதி ஜூரிகளுக்குத் தந்த அந்த விளக்கத்தில் இருந்த பிழைகளும் ஒரு காரணம் என்பதை எடுத்துச் சொன்ன பிறகு, அவர் அச்சொல்லைப் பின்னர் ஒருபோதும் தவறவிட்டதில்லை.

கட்டணம் என்னும் பொருளில் அவ்வளவு தீங்கில்லை என்றாலும் ஓரிடத்தில் மக்கள் பணம் இழக்கிறார்கள். உணவக ரசீதில் இருக்கும் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பதைச் சேவை வரி என்று நம்பி, அரசுக்குச் செல்வதாக எண்ணிக் கொடுத்துவிட்டு வருபவர்களை நான் அறிவேன். சேவை வரி என்ற ஒன்று 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரியில் கரைந்துவிட்டது. ரசீதில் இருப்பது உணவகம் தனக்காகக் கேட்கும் சேவைக் கட்டணம். அதைத் தானாக ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவுறுத்தியிருக்கிறது. வரி வேறு, கட்டணம் வேறு என்று எழுதினாலே போதும். சொத்து வழக்கில் வரும் ‘சார்ஜ்’ இன்னும் வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 100-ஆம் பிரிவில் சொல்லும் அது, ஒரு கடனுக்கோ ஜீவனாம்சத்துக்கோ ஒரு சொத்து ஈடாக நிற்கும் நிலை. அது அடமானமும் அன்று, குற்றச்சாட்டும் அன்று. ஜீவனாம்சத் தீர்ப்பில் ‘கணவரின் வீட்டின் மீது குற்றச்சாட்டு’ என்று ஒரு முறை அச்சாகியிருந்ததைக் கண்டேன். அந்த வீட்டைப் பற்றிய வில்லங்கச் செய்தி அங்கே இருந்தது. அதைப் படித்த எவருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்காது.

செய்தியாளர்களின் நிலை எனக்குத் தெரியாததன்று. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாக இருப்பதால், மாலையில் வெளியாகும் பல பக்க ஆங்கில உத்தரவை இரவுப் பதிப்புக்குள் தமிழாக்கி எட்டு வரியில் சுருக்குவது எளிய காரியமன்று. அந்த நேரத்தில் அகராதி துணை செய்யாது. அகராதியில் ‘சார்ஜ்’ என்பதற்கு நேரே பத்துப் பன்னிரண்டு பொருள்கள் வரிசையாக நிற்கும். எது எந்த இடத்துக்குரியது என்று அது சொல்லாது. யார் சுமத்தினார், எந்தக் கட்டத்தில் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் சொல் தானே வந்து நிற்கும். சொன்னவர் தனிமனிதர் என்றால் குற்றச்சாட்டு அல்லது புகார். காவல் துறை என்றால் குற்றப்பத்திரிகை. நீதிபதி என்றால் குற்றச்சாட்டு வனைவு. ‘வனைவு’ வாசகர்களுக்குப் புதிதாக இருக்கும் என்று உதவி ஆசிரியர்கள் தயங்கலாம். ‘முன்பிணை’, ‘பொதுநல வழக்கு’ ஆகியவையும் ஒரு காலத்தில் புதியவையே. நாளிதழ்கள் விடாமல் எழுதியதால்தான் அவை தேநீர்க் கடை வரைக்கும் வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ‘குற்றச்சாட்டு வனையப்பட்டது, இனி சாட்சி விசாரணை தொடங்கும்’ என்று சேர்த்து எழுதினால் வாசகர் தாமாகவே பொருளை உணர்ந்துகொள்வார்.

மேலே குறிப்பிட்ட ஆறு பேரின் வழக்கில் அடுத்த மாதம் சாட்சி விசாரணை தொடங்கும்போது தங்கள் செய்தியாளர் மீண்டும் அந்த நீதிமன்றத்துக்குச் செல்வார். அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவர்களில் எவரையும் எனக்குப் பழக்கமும் இல்லை. நீதிமன்றமே இன்னும் அதைத் தீர்மானிக்கவில்லை. ஆதலால் அந்த வாய்தா வருவதற்கு முன்பாக, அன்று வந்த தலைப்பு தவறு என்பதையும், நடந்தது குற்றச்சாட்டு வனைவு மட்டுமே என்பதையும், அதே மாவட்டப் பக்கத்தில், தலைப்பு வந்த அதே அளவு எழுத்தில் திருத்தமாக வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.